கறுத்தது மங்கு அல்ல: ஒரு நிகழ்வு ஆய்வு

சிகிச்சை தொடங்கிய பன்னிரண்டாவது வாரம், அந்தப் பெண்ணின் முகம் முதல் நாளைவிட மோசமாக இருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தவன் நான். மங்குக்குச் சிகிச்சை பார்க்கும் எவருக்கும் இது புதிய அனுபவம் இல்லை. ஆனால் பழைய குறிப்புகளையும் புகைப்படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது, முதல் சந்திப்பிலேயே தடயங்கள் அத்தனையும் என் கண்ணெதிரே இருந்திருக்கின்றன என்பது தெரிந்தது. அந்தச் சங்கடத்தால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய சம்மதம் இருக்கிறது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 41. அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் வேலை. இரண்டாவது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு பாதி மறைந்து, ஓராண்டுக்குள் மெல்லத் திரும்பியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் எட்டு வாரத்துக்கு ஒரு க்ரீம் எழுதித் தந்தார். முகம் பளிச்சென்று தெளிந்தது. அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "அப்பப்போ போடுவேன். இப்ப மூணு மாசமா எதுவும் போடறதில்லை டாக்டர்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். க்ரீமின் பெயர் அவருக்கு நினைவில்லை. குழாயைக் கொண்டு வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கன்னத்து எலும்பின் மேல் பழுப்புத் திட்டுகள், மூக்கின் மேல் கொஞ்சம், முகவாயில் லேசாக. இடக்கன்னம் வலக்கன்னத்தைவிடக் கறுப்பு. கன்னங்கள் சற்றுச் சிவந்திருந்தன. வெயிலில் நடந்து வந்திருப்பார் என்று அதற்கு நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். உட்ஸ் விளக்கு என்ற புறஊதா விளக்கை அடித்துப் பார்த்ததில் சில இடங்களில் கறுப்பு எடுப்பாகத் தெரிந்தது, சில இடங்களில் மாற்றமில்லை. மேல்தோலில் இருக்கும் நிறமி அந்த ஒளியில் தூக்கலாகத் தெரியும், உள்தோலில் இருப்பது தெரியாது என்பது பாடம். மாநிறத்தையும் கருநிறத்தையும் கொண்ட தோலில் இந்தப் பாடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. இருந்தாலும் "கலப்பு வகை மங்கு, சிகிச்சைக்கு மசியாதது" என்று எழுதினேன்.

மங்கின் அளவைக் கணிக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. நெற்றி, இரு கன்னங்கள், முகவாய் என்று முகத்தை நான்காகப் பிரித்து, பரப்பையும் கறுப்பின் அடர்த்தியையும் பெருக்கிக் கூட்டுவது. திருத்திய வடிவத்தில் அதிகபட்சம் 24. அன்று அவருக்கு 5.5. நடுத்தரம் என்று சொல்லலாம்.

இரவில் மட்டும் தடவ 4 சதவீத ஹைட்ரோகுவினோன், பகலில் சன்ஸ்கிரீன். ஸ்டீராய்டு கலக்காத மருந்து என்பதால் எனக்குள் ஒரு திருப்தி வேறு.

ஹைட்ரோகுவினோன் எப்படி வேலை செய்கிறது

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளை கிளையாகக் கைகளை நீட்டி, சுற்றிலும் இருக்கிற ஏறக்குறைய 36 தோல் செல்களுக்கு நிறமிப் பொட்டலங்களைக் கைமாற்றிவிடும். சிவந்த நிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. தயாராகும் அளவிலும், பொட்டலத்தின் பருமனிலும், அது கரையும் வேகத்திலும்தான் வேறுபாடு.

மெலனின் தயாரிப்பின் முதல் படியை நடத்துவது டைரோசினேஸ் என்ற நொதி. ஹைட்ரோகுவினோன் போய் அந்த நொதியை மறித்துக்கொள்கிறது. அதனால் புதிய நிறமி குறையும். ஏற்கெனவே தயாரானது தோலோடு மேலேறி உதிர வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும். நான்கைந்து வாரத்தில் வெளுப்பு தெரிய ஆரம்பித்து, மூன்று மாதத்தில் நன்றாகத் தெரியும். மூன்று மாதமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் மருந்தை நிறுத்துவதுதான் முறை.

இந்த வெளுக்கும் குணம் கண்டுபிடிக்கப்பட்ட கதை ருசிகரமானது. 1939இல் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் கையுறை போட்டு வேலை பார்த்தவர்களின் கைகள் வெளுத்துப்போயின. கையுறை கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்திருந்த ஹைட்ரோகுவினோன் வகை ரசாயனம் ஒன்றுதான் காரணம். அதன் நெருங்கிய உறவுதான் நாம் முகத்தில் தடவுவது.

1975இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற தோல் மருத்துவர்கள் மூன்றைக் கலந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள்: 5 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.1 சதவீத ட்ரெட்டினாயின், 0.1 சதவீத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ட்ரெட்டினாயின் தோலைச் சீக்கிரம் உதிரவைக்கும், ஹைட்ரோகுவினோன் ஆக்சிஜனேற்றம் அடையாமலும் காக்கும். அதன் எரிச்சலை ஸ்டீராய்டு அடக்கும், கூடவே நிறமி செல்லையும் கொஞ்சம் தூங்கவைக்கும். நல்ல யோசனை, மறுக்க முடியாது. பின்னால் வந்த திருத்தத்தில் ஸ்டீராய்டை வீரியம் குறைந்த 0.01 சதவீத ஃப்ளூசினோலோனாக மாற்றி, எட்டு வாரம் என்று கெடுவும் வைத்தார்கள். அதே கலவை மொமெட்டசோன் போன்ற வீரியம் கூடிய ஸ்டீராய்டுடன் குழாயில் அடைக்கப்படும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதல் மாதத்தில் அது காட்டுகிற பளபளப்புக்கு நிகராக வேறெந்த மருந்தும் நிற்க முடியாது. எட்டாவது வாரம் நிறுத்தினால் பதினாறாவது வாரம் மங்கு திரும்பும். திரும்பினால் கை தானாகக் குழாயைத் தேடும்.

பன்னிரண்டாவது வாரம்

ஆறாவது வாரம் வந்தபோது "பரவாயில்லை மாதிரிதான் இருக்கு" என்றார். தொடரச் சொன்னேன். பன்னிரண்டாவது வாரம் அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்து எலும்பின் மேல் பழுப்பு போய், ஈரச் சாம்பலின் நீலக்கருமை ஏறியிருந்தது. விரலால் தடவினால் மணல் தாளைப் போல் நெருடியது. கிட்டத்தில் பார்த்தால் கடுகைவிடச் சிறிய, மினுங்கும் கரும்புள்ளிகள். மதிப்பெண் 8.5.

"உங்க மருந்து ஒத்துக்கலையோன்னு நினைச்சேன். அதான் பழசையும் சேர்த்துப் போட்டேன்" என்றார்.

"பழசுன்னா?"

கைப்பையைத் திறந்து குழாயை எடுத்தார். பற்பசைக் குழாயைக் கடைசிச் சொட்டு வரை பிழிவதற்குச் சுருட்டுவோமே, அதைப் போல அடியிலிருந்து கழுத்து வரை இறுகச் சுருட்டியிருந்தது. மூடியின் ஓரத்தில் க்ரீம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஹைட்ரோகுவினோன் காற்றுப்பட்டால் அப்படித்தான் பழுக்கும். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்தது. என் மருந்து இரவில், அது காலையில். முதல் நாள் சொன்ன மூன்று மாத இடைவெளி நடந்ததே இல்லை. ஆறு ஆண்டுகளில் தொடர்ந்து பத்து நாள் கூட நிறுத்தியதில்லை. நிறுத்தினால் முகம் எரியும்.

அவர் பொய் சொன்னார் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. "யார் கேட்டாலும் திட்டறாங்க டாக்டர்" என்று அவரே சொன்னார். திட்டு வாங்குவோம் என்று தெரிந்த இடத்தில் யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை, முதல் நாளே எடுத்திருக்க வேண்டியதை, இப்போது எடுத்தேன். சாதாரண மங்கில், பழுப்பு வலைக்கு நடுவே மயிர்க்கால் வாய்கள் வெளிறிய வட்டங்களாகத் தப்பித்து நிற்கும். இங்கே நீலச்சாம்பல் நிற உருண்டைகளும் திட்டுகளும் அந்த வாய்களையே மூடிக்கொண்டு கிடந்தன. சுற்றிலும் மெல்லிய சிவப்பு இரத்தக்குழாய்கள், தோல் மெலிந்து பளபளத்தது. முதல் நாள் நான் வெயில் என்று தள்ளிவிட்ட சிவப்பு இதுதான். முதல் சந்திப்பின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடக்கன்னத்தில் ஐந்தாறு கரும்புள்ளிகள் அப்போதே இருந்தன.

கண்டறிதல்

கைக்குக் கிடைத்த முதல் விடையிலேயே ஒரு முறை வழுக்கியாயிற்று என்பதால் இந்த முறை மற்றவற்றையும் நிதானமாக விலக்கினேன். மினோசைக்ளின், அமியோடரோன், குளோரோகுவின் வகை மருந்துகள் தோலை நீலக்கருமையாக்கும். அவற்றில் எதையும் அவர் சாப்பிட்டதில்லை. உள்ளங்கை ரேகைகளும் வாயின் உட்புறமும் கறுக்கவில்லை, எனவே அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டைச் சந்தேகிக்கத் தேவையில்லை. கழுத்திலும் மடிப்புகளிலும் திட்டு இல்லாததால் லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ் என்ற கருமை நோய் ஒதுங்கியது. வாசனைப் பொருள் ஒவ்வாமையால் வரும் கருமைக்கு ஒட்டுச் சோதனை செய்தோம், ஒன்றும் வரவில்லை.

காதுக்குச் சற்று முன்னால், திட்டின் ஓரத்தில், 3 மில்லிமீட்டர் அளவில் சோதனைக்குத் தோல் துணுக்கு (பயாப்ஸி) எடுத்தோம். முகத்தில் பயாப்ஸி எடுக்க நான் தயங்குகிறவன். கறுத்த தோலில் அந்தப் புள்ளியே ஒரு தழும்பாகக் கறுத்துக்கொள்ளும். அதைச் சொல்லித்தான் கேட்டேன். "இதுக்கு மேல என்ன ஆகப்போகுது, எடுங்க" என்றார்.

நோய்க்குறியியல் அறிக்கையில் எதிர்பார்த்தது இருந்தது: உள்தோலின் மேற்பகுதியில் வாழைப்பழ வடிவில் வளைந்த, மஞ்சள் காவி நிறத் துண்டுகள். இதற்கு ஓக்ரனோசிஸ் என்று பெயர். கண்ணுக்குக் கறுப்பாகவும் நுண்நோக்கியில் காவியாகவும் தெரிவதால் 1866இல் ஜெர்மன் நோய்க்குறியியலாளர் விர்ஷோ வைத்த பெயர் அது. அவர் பார்த்தது பிறவிக் குறையால் வருவது. ஒரு நொதி குறைபட்டு ஹோமோஜென்டிசிக் அமிலம் உடலெங்கும் தேங்கி, குருத்தெலும்பு கறுத்து, சிறுநீரும் காற்றுப்பட்டால் கறுக்கும். 1902இல் ஆங்கிலேய மருத்துவர் காரட் பிறவி வளர்சிதைக் குறைகள் என்ற கருத்தையே இந்த நோயிலிருந்துதான் எடுத்தார். நம் நோயாளிக்குக் காது மடலிலோ வெண்விழியிலோ நீலம் இல்லை, மூட்டு வலி இல்லை, சிறுநீரில் மாற்றமில்லை. இது வெளியிலிருந்து பூசி வந்தது. ஹைட்ரோகுவினோன் அதே நொதியைத் தோலளவில் முடக்கி, அந்தப் பொருள் அங்கேயே திரண்டு உறைந்துபோகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

வெளுக்கும் க்ரீம்களால் இது வருவதை 1975இல் தென்னாப்பிரிக்காவில் ஃபிண்ட்லே என்ற தோல் மருத்துவர் விவரித்தார். அங்கே அந்த க்ரீம்களை எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். 1990இல் அந்த நாடு அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தடை செய்தது. கிளிக்மனின் சூத்திரமும் ஃபிண்ட்லேயின் எச்சரிக்கையும் ஒரே ஆண்டில் வந்தவை என்பதை இந்த நோயாளிக்காகப் படிக்கும்போதுதான் கவனித்தேன்.

இந்த நோயின் பொறி எங்கே இருக்கிறது என்றால், அது மங்கு விழுந்த அதே இடத்தில், மங்கின் நிறத்திலேயே தொடங்குகிறது. கறுப்பு கூடக் கூட நோயாளி மருந்தைக் கூட்டுகிறார். மருத்துவரும் கூட்டுகிறார். பழைய குழாயில் இருந்த 2 சதவீத ஹைட்ரோகுவினோனின் மேல் நான் 4 சதவீதத்தை ஏற்றினேன்.

நிறுத்தியதும் நடந்தது

ஹைட்ரோகுவினோனை நிறுத்துவதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்டீராய்டுதான் இடக்கு. வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவோரும் உண்டு, ஒரேயடியாக நிறுத்துவோரும் உண்டு. நான் இரண்டாவது வழியில் போனேன். கையில் ஏதோ ஒரு குழாய் இருந்தால் அது நிற்காது என்று தோன்றியது. என்ன வரப்போகிறது என்பதை மட்டும் நாள் கணக்கோடு சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் வந்தார். முகம் செக்கச்செவேலென்று வீங்கி, கண் இமைகள் தடித்து, கன்னமெங்கும் சீழ்ப்பருக்கள். "ஒரு தடவை தடவினா அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும் டாக்டர். ஒரே ஒரு தடவை போடட்டுமா?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகள் குழாய் எப்படி ஓடியது என்பது அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

குளிர்ந்த நீரில் நனைத்த துணி ஒற்றடம், வாசனையற்ற ஈரப்பதக் களிம்பு, இரு வேளை ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. முகத்துக்குச் சோப்பு கூட வேண்டாம் என்றேன். முதல் மூன்று வாரம் அவர் அழைக்கும்போதெல்லாம் பேசினேன். மருந்தைவிட அந்தப் பேச்சுதான் குழாயைத் தள்ளி வைத்தது என்று நினைக்கிறேன். ஐந்தாம் மாதம் சிவப்பு அடங்கியது. கறுப்பு அப்படியே இருந்தது, சிவப்பு போனதால் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. இதையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், நல்லவேளை.

கறுப்புக்கான சிகிச்சை

இடக்கன்னம் ஏன் கூடுதலாகக் கறுத்தது என்று ஒரு நாள் கேட்டேன். அலுவலகத்தில் பத்தாண்டுகளாக அவர் இடப்பக்கம் ஜன்னல். சாதாரணக் கண்ணாடி புறஊதாவின் பி வகையைப் பெருமளவு தடுக்கும். ஏ வகையும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தாராளமாக உள்ளே வரும். கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீலப் பகுதியே, நிறமியைத் தூண்டிவிடும். வெள்ளைக் களிம்பாக வரும் சன்ஸ்கிரீன்கள் பலவற்றுக்கு அந்த ஒளியைத் தடுக்கத் தெரியாது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். அதைக் கொடுத்தேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிழிந்த அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். என் முன்னால் தடவிக் காட்டச் சொன்னபோது அவர் எடுத்தது பட்டாணி அளவு. மேசையையும் மாற்றிக்கொண்டார்.

இன்னொன்றும் வெளிவந்தது. எட்டு ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை. மங்குக்கு அது எரியும் அடுப்பில் விறகு. மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பி ஹார்மோன் இல்லாத முறைக்கு மாறிய பிறகுதான் அடுத்த மருந்தைப் பற்றிப் பேசினேன், ஏனென்றால் அது டிரனெக்ஸாமிக் அமிலம். இரத்தப்போக்கை நிறுத்தத் தரும் இந்த மாத்திரை மங்கைக் குறைப்பதை 1979இல் ஜப்பானில் நாட்பட்ட தடிப்புக்குச் சிகிச்சை அளிக்கும்போது தற்செயலாகக் கவனித்தார்கள். 2016இல் சிங்கப்பூரில் 561 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில் 89.7 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். ஒருவருக்குக் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்தது, அவருக்குப் பரம்பரையாகவே உறையும் குறை இருந்தது. எனவே கருத்தடை மாத்திரையோடு சேர்த்து இதைத் தரக் கூடாது. குடும்பத்தில் இரத்த உறைவு, பக்கவாதம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 250 மில்லிகிராம் இரு வேளை, நான்கு மாதம் மட்டும் கொடுத்தேன். மேலே தடவ அசெலாயிக் அமிலம் 15 சதவீதம். முதலில் சுருக்கென்று குத்தியதால் ஒன்றுவிட்ட இரவுகளில்.

இவை மங்கின் பங்கைத்தான் குறைக்கும். உள்தோலில் உறைந்த காவித் துண்டுகளை எந்தக் களிம்பும் தொடாது. அதற்கு 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச் லேசரை, கறுத்த தோல் என்பதால் குறைந்த ஆற்றலில், காதுக்கு முன் ஒரு சிறு இடத்தில் மட்டும் அடித்து ஆறு வாரம் காத்திருந்தோம். கெடுதல் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு மாதம் ஒன்றாக ஆறு அமர்வுகள். அடிக்கடி அடித்தால் வெள்ளைப் பொட்டுகள் தூவினதுபோல் விழும். அவற்றைத் திரும்பக் கறுக்க வைப்பது இன்னும் கஷ்டம். தோலை ரசாயனத்தால் உரிக்கும் வீரியமான பீலிங் எதையும் செய்யவில்லை. எரிச்சலைக் கண்டால் கறுக்கிற தோலில் எரிச்சலையே சிகிச்சையாக்குவது எனக்கு உடன்பாடில்லை.

பதினேழாவது மாதம் மதிப்பெண் 3.0. மங்குக்கென வகுத்த அளவுகோலை ஓக்ரனோசிஸுக்கு இரவல் வாங்கியிருக்கிறேன் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். நெருடல் பெருமளவு போய்விட்டது. நீலக்கருமை வெளிறி, இடக்கன்னத்தில் கட்டைவிரல் ரேகை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதில் லேசரின் பங்கு எவ்வளவு, நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஓக்ரனோசிஸில் லேசர் பலன் ஒரே சீராக வருவதில்லை. மூன்றாவது அமர்வுக்கும் ஆறாவதற்கும் இடையில் புகைப்படங்களில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதற்குப் பிறகு என் வழக்கத்தில் இரண்டு மாறின. முகத்தில் கறுப்பு என்று வருகிற எவரிடமும், வீட்டில் இருக்கிற குழாய்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்கிறேன். என்ன க்ரீம் போட்டீர்கள் என்று கேட்பதற்குப் பதில், எந்த க்ரீமை நிறுத்தினால் முகம் எரிகிறது என்று கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வருகிறது.

இருபத்திரண்டாவது மாதம் கடைசியாகப் பார்த்தேன். லேசர் இனி வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். சன்ஸ்கிரீனும் வாரத்தில் மூன்று இரவு அசெலாயிக் அமிலமும் தொடர்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே நாற்காலி, அதே விளக்கு, அதே கோணத்தில் ஒரு படம். காதுக்கு முன்னால் இருக்கிற பயாப்ஸித் தழும்பைக் காட்டி, "இது மட்டும் அப்படியே இருக்கே" என்றார். இருக்கும் என்றேன்.